இறக்குமதி வரி போட்டால் நம்ம ஊரில் வேலை மிஞ்சுமா?

2024 செப்டம்பர் 14 முதல் சமையல் எண்ணெய் இறக்குமதிக்கு மத்திய அரசு வரியை ஏற்றியது. நிலக்கடலை போடுகிறவர்களுக்கு நல்ல சேதி, பலகாரம் சுட்டு விற்கிறவர்களுக்குக் கெட்ட சேதி. முழுசாக ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியச் சரக்கு பலவற்றின் மேல் வரியை 50 சதவீதமாக்கியது. திருப்பூர் பனியன்காரர்களும் தூத்துக்குடி இறால்காரர்களும் தலையில் கை வைத்தார்கள். இரண்டும் ஒரே ஆயுதம்தான். நாம் போட்டால் உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்றுகிறோம், அவர்கள் போட்டால் அநியாயம். காரைக்குடி டீக்கடையில் ஒரே ஆள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் இரண்டையும் சொல்லிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, இந்த வரி எங்கே விழுந்து எங்கே போய் வலிக்கிறது என்பதை அடியிலிருந்து யாரும் சொல்வதில்லை.

செட்டிநாட்டுக்கு இந்த விவகாரம் புதுசும் இல்லை. பர்மா தேக்கில் தூண், இத்தாலிப் பளிங்கில் தரை, பெல்ஜியம் கண்ணாடி, சுவரில் ஜப்பான் டைல்ஸ் என்று இறக்குமதியாலேயே எழும்பிய வீடுகள் இவை. 1927-ல் காந்தி இந்தப் பக்கம் வந்தபோது, வீடு நிறைய வெளிநாட்டுச் சாமானை அடைத்து வைத்திருப்பதைக் கண்டித்துப் பேசிவிட்டுத்தான் போனார். அந்த வளவு வீடுகளுக்குப் பணம் வந்ததும் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன ஊர்களிலிருந்துதான். கதவு திறந்திருந்தால் என்ன கிடைக்கும், சாத்தினால் என்ன ஆகும் என்பது இந்த ஊருக்குக் கணக்குப் புத்தகத்திலேயே தெரியும்.

## வரி என்றால் என்ன வரி: எண்ணெயை வைத்தே பார்ப்போம்

வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக்குத் துறைமுகத்தில் கட்டுவது சுங்கவரி. செய்தியில் "20 சதவீதம்" என்று வரும், ஆனால் கட்ட வேண்டியது 20 அல்ல. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயிலுக்கு வந்த கணக்கு இது. 100 ரூபாய் மதிப்புள்ள எண்ணெய் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதம்: 20 ரூபாய். அதுவரை இது பூஜ்யமாக இருந்தது.
2. வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 5 சதவீதம்: 5 ரூபாய்.
3. இந்த இரண்டும் சேர்ந்த 25 ரூபாயின் மேல் சமூக நல சர்சார்ஜ் 10 சதவீதம்: 2 ரூபாய் 50 காசு.

மொத்தம் 27.50. சுத்திகரித்த எண்ணெய்க்கு அடிப்படை வரி 32.5 சதவீதம், சர்சார்ஜோடு சேர்த்து 35.75. இதற்கு மேல் ஜிஎஸ்டியும் உண்டு, ஆனால் அது உள்ளூர்ச் செக்கு எண்ணெய்க்கும் உண்டு என்பதால் பாதுகாப்புக் கணக்கில் சேராது. வெளியிலிருந்து வருவதற்கு மட்டும் விழுவதுதான் பாதுகாப்பு.

இன்னொரு சங்கதி, பலர் கவனிக்காதது. அடிப்படைச் சுங்கவரியில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. செஸ்ஸிலும் சர்சார்ஜிலும் கிடையாது. அதனால் வரியை எந்தப் பெயரில் ஏற்றுகிறார்கள் என்பது சென்னைக்கும் டெல்லிக்கும் நடுவில் தனிச் சண்டை.

## எதற்காகப் போடுகிறார்கள்

"வேலையைக் காப்பாற்ற" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். உண்மையில் நாலு காரணம் கலந்து கிடக்கும், ஒன்றை இன்னொன்றோடு குழப்பிக்கொண்டால் சண்டை தீராது.

1. கஜானாவுக்கு வருமானம். பழைய காலத்தில் முக்கியக் காரணம் இதுதான்.
2. டாலர் வெளியே போவதைக் குறைக்க. 2013-ல் தங்கத்துக்கு வரி ஜனவரியில் 6, ஜூனில் 8, ஆகஸ்டில் 10 சதவீதம் என்று ஏறியது இதற்காக. நகைப் பட்டறைக்காரரைக் காப்பாற்ற அல்ல, அவருக்கு அது இடைஞ்சல்தான். 2024 ஜூலையில் 15-லிருந்து 6-ஆக இறக்கினார்கள். கள்ளக்கடத்தலுக்கு வரியே கூலி கொடுக்கிறது என்பது இதில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.
3. அடிமாட்டு விலைக்கு யாராவது சரக்கைக் கொண்டுவந்து கொட்டினால் தடுக்க. இதுதான் ஆன்டி டம்பிங் வரி. ஒரு நாடு, ஒரு பொருள் என்று குறிவைத்து, விசாரணை நடத்திப் போடுவது.
4. உள்ளூர்த் தொழிலையும் அதில் இருக்கிற வேலையையும் நிழலில் வளர்க்க. இந்தக் கட்டுரை இதைப் பற்றியது.

## யார் தலையில் விழுகிறது

"சீனாக்காரன் வரி கட்டட்டும்", "இந்தியாக்காரன் வரி கட்டட்டும்" என்று தலைவர்கள் பேசுவார்கள். கட்டுவது வெளிநாட்டுக்காரர் அல்ல. சரக்கை இறக்குகிற உள்நாட்டு வியாபாரி கட்டுகிறார், கட்டியதை விலையில் ஏற்றுகிறார். வெளிநாட்டுக்காரர் சரக்கு தேங்கிவிடுமே என்று பயந்து தன் விலையைக் குறைத்தால் அந்த அளவுக்கு அவர் பங்கு. எவ்வளவு குறைப்பார் என்பது வாங்குகிறவருக்கு வேறு போக்கு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 2018-19-ல் அமெரிக்கா சீனச் சரக்குக்குப் போட்ட வரியை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், ஏறக்குறைய முழுச் சுமையும் அமெரிக்க இறக்குமதியாளர் மேலேயே விழுந்தது என்று கண்டார்கள்.

விலை எப்படி ஏறும் என்பதை மளிகைக் கடையில் நின்றால் பார்க்கலாம்.

"ஆச்சி, வரி கூட்டிட்டாகள்ல, டின்னுக்குக் கூடத்தான் கேக்குறாக."

"இது போன மாசம் வந்த டின்னு தானப்பா? இதுக்கு எங்க இருந்து வரி வந்துச்சு?"

ஆச்சி கேட்டது நூத்துக்கு நூறு சரி. 2024 செப்டம்பரில் உணவு அமைச்சகமும் எண்ணெய்க் கம்பெனிகளிடம் அதையேதான் சொன்னது. பழைய வரியில் வந்த எண்ணெய் சுமார் 30 லட்சம் டன் கையிருப்பு இருக்கிறது, 45-50 நாளைக்குத் தாங்கும், அது தீரும்வரை விலையை ஏற்றாதீர்கள் என்று. ஆனால் வியாபாரி விலை வைப்பது போன மாதம் வாங்கிய விலையைப் பார்த்து இல்லை, அடுத்த டின்னை என்ன விலைக்கு எடுக்க வேண்டியிருக்கும் என்பதைப் பார்த்து. வரி ஏறினால் விலை அன்றைக்கே ஏறும், இறங்கினால் "பழைய சரக்கு இருக்கு" என்று ஒரு மாதம் கழித்து இறங்கும். இது ஏமாற்று மட்டும் இல்லை, வியாபாரத்தின் சுபாவம், இருந்தாலும் ஆச்சிக்குக் கோபம் வருவதும் நியாயம்தான்.

உள்ளூர் எண்ணெய்க்கு வரி இல்லையே, அது ஏன் ஏறுகிறது? இங்கேதான் சூட்சுமம். பாமாயில் விலை ஏறினால் கடலை எண்ணெய்க்காரருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது, அவரும் கொஞ்சம் ஏற்றுவார். அப்படி ஏற்ற முடிவதைத்தான் பாதுகாப்பு என்கிறோம். உள்ளூர் விலை ஏறவே இல்லை என்றால் விவசாயிக்கு எதுவும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். "விலையும் ஏறக்கூடாது, விவசாயிக்கும் லாபம் வரணும்" என்று மேடையில் பேசலாம், கணக்கில் வராது.

ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்தான், வரி ஏறினாலும் இறங்கினாலும் அட்டைக்காரருக்குத் தெரியாது. அங்கே டெல்லி வாங்குகிற வரியை, கொள்முதல் விலை வழியாக, மாநில அரசு மானியமாகக் கட்டுகிறது.

அஞ்சறைப்பெட்டியைத் திறந்து இன்னொரு வித்தியாசத்தையும் பார்த்துவிடலாம். செட்டிநாட்டுக் குழம்புக்கு மிளகும் வேண்டும், அன்னாசிப்பூவும் வேண்டும். மிளகு நம் மலைகளில் விளைகிறது. 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் கீழே இறக்குமதி ஆகக்கூடாது என்று அரசு விலை வைத்தபோது குடகிலும் இடுக்கியிலும் அதனால் பயன்பட ஆட்கள் இருந்தார்கள். அன்னாசிப்பூ வருவது பெரும்பாலும் வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும். அதற்கு எவ்வளவு வரி போட்டாலும் தமிழ்நாட்டில் ஒரு வேலைகூட முளைக்காது, குழம்பு மட்டும் விலை ஏறும். இங்கே விளையாத, செய்யாத பொருளுக்குப் போடும் வரி பாதுகாப்பு இல்லை, வெறும் வசூல்.

## தீப்பெட்டி: நூறு வருடத்துக் கதை ஒன்று

இறக்குமதி வரியால் வேலை உண்டானதே இல்லையா? உண்டாகியிருக்கிறது. உதாரணம் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது.

நூறு வருடத்துக்கு முன்னால் இந்தியாவில் கிழித்த தீக்குச்சியெல்லாம் பெரும்பாலும் ஜப்பான், ஸ்வீடன் சரக்கு. 1921-ல் வெள்ளைக்கார அரசு ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, 12 அணா வரி போட்டது. 1922-ல் அதை இரட்டிப்பாக்கி ஒன்றரை ரூபாய் ஆக்கியது. பெட்டிக்கு இரண்டு பை, அதாவது அணாவில் ஆறில் ஒரு பங்கு. யாரையும் காப்பாற்றும் எண்ணம் அதில் இல்லை, கஜானாவுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆனால் அந்த இரண்டு பை, உள்ளே செய்கிறவருக்கு லாபம் ஆனது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து தீப்பெட்டி ஆரம்பித்தது இந்தச் சமயத்தில்தான். 1928-ல், வருமானத்துக்குப் போட்ட வரி பாதுகாப்பு வரியாகவே தொடரட்டும் என்று முடிவானது.

வரியை ஆதரிக்கிறவர்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஸ்வீடன் கம்பெனி என்ன செய்தது? மதிலுக்கு வெளியே நின்று அழவில்லை. மதிலைத் தாண்டி உள்ளே குதித்து, 1923-ல் விம்கோ என்ற பெயரில் இந்தியாவிலேயே தொழிற்சாலை போட்டுவிட்டது. இயந்திரம், முதல், அனுபவம் எல்லாம் அவர்களிடம். இப்போது கையால் குச்சி அடுக்குகிற சிவகாசிக்காரரை இறக்குமதி வரி காப்பாற்றாது, ஏனென்றால் போட்டியாளர் வெளிநாட்டிலேயே இல்லை. பிற்பாடு சிறு உற்பத்தியாளர்களைத் தாங்கியது வேறு ஒன்று: இயந்திரத் தீப்பெட்டிக்கு ஒரு வரி, கைத்தொழில் தீப்பெட்டிக்கு அதைவிடக் குறைந்த வரி என்ற எக்சைஸ், அதாவது உள்நாட்டு உற்பத்தி வரி வித்தியாசம். அந்த வித்தியாசம் ஜிஎஸ்டி வந்த பிறகும் 5, 18 என்று கொஞ்ச நாள் ஓடி, 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் ஒரே 12 சதவீதம் என்று ஆகிவிட்டது.

வெளிமதில் ஒன்று, உள்சுவர் ஒன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் இந்த விவாதமே பாதிக்கு மேல் குழம்பிக் கிடக்கிறது.

கதையின் இரண்டாம் பாகம் பிளாஸ்டிக் லைட்டர். ஒரு லைட்டர் 20 தீப்பெட்டியை ஓரங்கட்டுகிறது என்று 2022-ல் தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். பதினாலு வருடமாக ஒரு ரூபாயில் நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆகியிருந்தது, அந்த நேரத்தில் பெட்டிக்கடையில் லைட்டர் தொங்கினால் யார் பெட்டி வாங்குவார்கள்? நடந்தது இப்படி:

1. 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் கீழே மதிப்புள்ள லைட்டரை இறக்குமதி செய்யக்கூடாது என்று தடை வந்தது. வரி இல்லை, நேரடித் தடை.
2. முழு லைட்டருக்குத்தானே தடை, உதிரியாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால்? அந்த வழி திறந்தே இருந்தது.
3. 2024 அக்டோபரில் உதிரி பாகங்களுக்கும் தடை போட வேண்டியதாயிற்று.

ஓட்டை எங்கே இருக்கிறது என்று தண்ணீருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பொருளுக்கு மதில் கட்டினால் அதன் உதிரிக்கும் கட்ட வேண்டும், அப்புறம் அதன் மூலப்பொருளுக்கும். உதிரியைப் பூட்டுகிற இடத்தில் நாலு பேருக்கு வேலை கிடைத்திருந்தால் அவர்களும் "எங்கள் வேலையைக் காப்பாற்று" என்றுதான் கேட்பார்கள்.

## ஆத்தங்குடி டைல்ஸை எந்த மதில் காக்கும்?

காரைக்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆத்தங்குடி. அங்கே ஒரு பட்டறையில் நின்று பார்த்தால் போதும், இந்த விவாதத்தின் ஓட்டை முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. ஆக்சைடு கலந்த கலர் சிமென்ட்டைக் கூழாகக் கரைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார் ஒருவர். சிவப்பு இங்கே, பச்சை அங்கே. அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் கலர் கலங்கிவிடும். மேலே உள்ளூர் மணலும் சிமென்ட்டும் கலந்து தூவி, கலவை போட்டு அமுக்கிச் சமன் செய்கிறார்கள். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. காயவைத்து, சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்தால் கண்ணாடி விட்டுப்போகிறது. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த முகம் கண்ணாடி மாதிரியே இருக்கிறது.

இந்தக் கைக்கு எது போட்டி? சீன டைல்ஸ் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். சீன விட்ரிஃபைடு டைல்ஸுக்கு இந்தியா 2003-லேயே ஆன்டி டம்பிங் வரி போட்டது, 2016-17-ல் மறுபடி போட்டது. அதனால் பிழைத்தது யார்? குஜராத்தில் மோர்பி. இந்தியாவின் செராமிக் டைல்ஸில் மிகப்பெரிய பங்கு அந்த ஒரு ஊரைச் சுற்றித்தான் செய்யப்படுகிறது. செட்டிநாட்டில் புது வீடு கட்டுகிறவர் ஆத்தங்குடியை விட்டுவிட்டு வாங்குவது சீனாவிலிருந்து வந்த டைல்ஸை அல்ல, மோர்பியிலிருந்து லாரியில் வந்ததை. இரண்டு நாளில் ஒட்டிவிடலாம், கறை பிடிக்காது, விலையும் குறைவு. சுங்கவரியை நூறு சதவீதம் ஆக்கினாலும் ஆத்தங்குடிப் பட்டறைக்கு ஒரு ஆர்டர் கூடாது. மோர்பிக்குக் கூடும்.

கண்டாங்கிச் சேலைக்கும் இதே கதி. கைத்தறிக்காரருக்கு எதிரி கடல் தாண்டி இல்லை, விசைத்தறியில் அதே கட்டத்தைப் போட்டு இறக்குகிற உள்நாட்டுக்காரர்தான். 2019-ல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரை மட்டும்தான் காக்கும்.

கைத்தொழில் வேலையை இறக்குமதி வரி காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பல தொழில்களில் வேலையை எடுத்துக்கொண்டு போவது வெளிநாட்டு ஆள் அல்ல, உள்ளூர் இயந்திரம். வேண்டுமானால் வரி தலைகீழாகவும் வேலை செய்யும்: ஆக்சைடு பொடிக்கோ கண்ணாடிக்கோ வரி ஏறி விலை கூடினால் பட்டறைக்காரரின் அடக்கம் கூடும், டைல்ஸ் இன்னும் விலை ஏறும், இருக்கிற ஆர்டரும் போகும்.

## ஒருத்தர் சரக்கு இன்னொருத்தருக்கு மூலப்பொருள்

அந்தத் தலைகீழ் வேலைதான் பெரிய தொழில்களில் பெரிய சண்டை. பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரியில் பஞ்சு இறக்குமதிக்கு வரி வந்தது: அடிப்படை 5, செஸ் 5, சர்சார்ஜ் 1, ஆக 11 சதவீதம். பருத்தி விவசாயிக்கு நல்லது. ஆனால் அந்தப் பஞ்சு நூலாகி, துணியாகி, பனியனாகி வெளிநாட்டுக்குப் போகிறது. வரி கொடுத்த பஞ்சில் செய்த பனியன், வரி இல்லாத பஞ்சில் செய்த வங்கதேசத்துப் பனியனோடு நியூயார்க்கில் போட்டி போட வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி 50-ஐத் தொடும் சமயத்தில் மத்திய அரசு இந்த 11 சதவீதத்தை முதலில் செப்டம்பர் கடைசி வரைக்கும், அப்புறம் டிசம்பர் கடைசி வரைக்கும் நிறுத்திவைத்தது. திருப்பூருக்கு நிம்மதி, பருத்தி விவசாயிக்கு வயிற்றெரிச்சல். இரண்டு பக்கமும் வேலைதான், இரண்டு பக்கமும் நம்ம ஆட்கள்தான்.

இரும்பிலும் இப்படித்தான். 2025 ஏப்ரலில் தகட்டு இரும்பு இறக்குமதிக்கு 200 நாளைக்கு 12 சதவீதப் பாதுகாப்பு வரி போட்டார்கள். இரும்பு உருக்குகிற கம்பெனிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, கேட்க ஒரே குரல். இரும்பை வாங்கி வளைத்துப் பொருள் செய்கிற பட்டறைகள் ஆயிரக்கணக்கில், ஆளுக்கு ஒரு மூலையில். டெல்லிக்குக் கேட்பது எந்தக் குரல்? காப்பாற்றப்பட்ட வேலையைப் படம் பிடித்துக் காட்டலாம், போன வேலை பத்து ஊரில் ஒன்று ஒன்றாகப் போவதால் யாரும் படம் பிடிப்பதில்லை. வரி கேட்கிறவர்கள் கூட்டமாக வருவதும் வரியால் அடிபடுகிறவர்கள் தனித்தனியாகப் புலம்புவதும் எந்த நாட்டிலும் மாறாத வழக்கம்.

வேலைக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்த்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. 2018-ல் அமெரிக்கா வாஷிங் மெஷின் இறக்குமதிக்கு வரி போட்டது. ஆராய்ந்தவர்கள் சொன்னது: மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது, அதற்கு வரியே இல்லாத துணி உலர்த்தும் மெஷினும் ஏறியது, ஏனென்றால் மக்கள் இரண்டையும் ஜோடியாக வாங்குவார்கள். சுமார் 1,800 பேருக்கு வேலை கிடைத்தது. வாங்கியவர்கள் கூடுதலாகக் கொடுத்ததில், அரசுக்கு வந்த வரியைக் கழித்துவிட்டு, மிச்சத்தை அந்த 1,800-ஆல் வகுத்தால் ஒரு வேலைக்கு வருடத்துக்கு 8 லட்சம் டாலருக்கு மேல். அவ்வளவு சம்பளம் அந்தத் தொழிலாளிக்குப் போகவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

## பதிலடி என்று ஒன்று இருக்கிறது

நாம் வரி போட்டால் எதிராளி சும்மா இருக்கமாட்டார். 2018-ல் அமெரிக்கா இரும்புக்கும் அலுமினியத்துக்கும் வரி போட்டது, 2019-ல் நமக்குக் கொடுத்திருந்த வரிச் சலுகையையும் எடுத்தது. அந்த ஜூனிலேயே பாதாம், ஆப்பிள், வால்நட் உட்பட 28 அமெரிக்கப் பொருள்களுக்கு இந்தியா வரி ஏற்றியது. கலிபோர்னியாவில் பாதாம் விளைவித்தவருக்கும் இரும்பு வரிக்கும் சலுகை ரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. யாரைக் காப்பாற்ற வரி போடுகிறோமோ அவரை விட்டுவிட்டு, வெளிநாட்டுக்கு விற்றுப் பிழைக்கிற வேறொருவர் மேல் அடி விழும். 2025-ல் இறாலும் பனியனும் பட்ட பாடு அதுதான்.

இது முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதை 1930-கள் காட்டின. அமெரிக்கா 1930-ல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு வரியை ஏற்றியது, மற்ற நாடுகளும் ஆளுக்கு ஒரு மதில் எழுப்பின. 1934-க்குள் உலக வர்த்தகம் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிப்போனது. வரி மட்டும் காரணம் இல்லை, பெரும் மந்தம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. வரி அதை ஆழமாக்கியது.

அந்த மந்தத்தில் நெல் விலை விழுந்தது. பர்மாவில் செட்டியார்களிடம் கடன் வாங்கிய விவசாயிகள் கட்ட முடியாமல் நிலத்தைக் கொடுத்தார்கள். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், ஆறேழு வருடத்தில் 25 சதவீதம் ஆனது. கேட்பதற்கு லாபம் மாதிரி இருக்கும். லேவாதேவிக்காரருக்கு வேண்டியது காசு, நிலம் இல்லை. கையில் வந்தது விற்க முடியாத நிலமும் அந்த ஊர்க்காரர்களின் ஆத்திரமும். அப்புறம் யுத்தம், 1948-ல் நில தேசியமயம். பர்மாக் காசில் எழும்பிய எத்தனையோ வளவுகள் இன்று பூட்டிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

## 1991: மதிலை இறக்கிய கதை

சுதந்திரத்துக்குப் பிறகு நாம் நாற்பது வருடம் உயர்ந்த மதிலுக்குள் இருந்தோம். 1991-ல் உச்ச வரி 300 சதவீதத்துக்கும் மேல். அந்த வருடம் 150 ஆக்கினார்கள், பிறகு படிப்படியாக இறங்கி, விவசாயம் அல்லாத பொருள்களுக்கு 2007-ல் 10-க்கு வந்தது. 1991-ல் வர்த்தகத் துறையைக் கையில் வைத்திருந்தவரும் 2007-ல் நிதியமைச்சராக 10 என்று அறிவித்தவரும் ஒரே ஆள், இங்கே பக்கத்துக் கண்டனூரைச் சேர்ந்த ப. சிதம்பரம். 2013-ல் தங்க வரியை ஏற்றியவரும் அவரே. கொள்கை என்பது வேறு, பெட்டியில் டாலர் தீர்கிற நேரம் என்பது வேறு.

2017-க்குப் பிறகு காற்று மறுபடி திரும்பியது. செல்போனுக்கு 2017 ஜூலையில் 10, டிசம்பரில் 15, 2018 பட்ஜெட்டில் 20 சதவீதம். பொம்மைகளுக்கு 2020-ல் 20-லிருந்து 60, 2023-ல் 70. செல்போனில் வேலை உண்டானதா? ஆனது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் பஸ் வருவதைப் பார்க்கலாம். ஆனால் வரி தனியாக அதைச் செய்யவில்லை. உற்பத்திக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள், சீனாவை மட்டும் நம்பியிருக்கப் பெரிய கம்பெனிகளும் பயந்தன. 2024 ஜூலையில் அந்த 20-ஐ 15-ஆக இறக்கவும் செய்தார்கள், தொழில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

## செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

நூறு வருடத்துக்கு முன் இந்தியன் ஃபிஸ்கல் கமிஷன் பாதுகாப்பு கேட்டு வருகிற தொழிலுக்கு மூன்று சோதனை வைத்தது. இயற்கையான வசதி, அதாவது மூலப்பொருள், ஆள், சந்தை இருக்கிறதா. பாதுகாப்பு இல்லாவிட்டால் வளரவே முடியாதா. கடைசியில் பாதுகாப்பு இல்லாமல் நிற்க முடியுமா. வெள்ளைக்காரன் காலத்து உள்நோக்கங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் கேள்விகள் பழுதில்லாதவை. சர்க்கரை அதில் தேறியது. 1930-களின் தொடக்கத்தில் முப்பதை ஒட்டி இருந்த ஆலைகள், 1932-ல் பாதுகாப்பு வந்த நாலைந்து வருடத்தில் நூற்று முப்பதைத் தாண்டின, ஜாவா சீனி கடைகளிலிருந்து மறைந்தது. மூன்றாவது சோதனையில்தான் பெரும்பாலான தொழில்கள் வழுக்குகின்றன, குழந்தைக்கு மீசை முளைத்த பிறகும் தொட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்னும். கோழி இறைச்சி வரியை வைத்து ஐரோப்பாவோடு நடந்த சண்டையில் 1964-ல் அமெரிக்கா சிறிய லாரிகளுக்குப் போட்ட 25 சதவீத வரி இன்றும் எடுக்கப்படவில்லை, சண்டையே மறந்துபோய்விட்டது.

அந்த மூன்றோடு நான் இரண்டு சேர்ப்பேன்:

1. போட்டியாளர் உண்மையிலேயே கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாரா, இல்லை மோர்பியிலா?
2. சங்கிலியின் எந்தக் கண்ணியில் வரி விழுகிறது? அதற்கு அடுத்த கண்ணியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இரண்டாவது கேள்விக்கு எண்ணெயே பதில் வைத்திருக்கிறது. 2025 மே 30-ல் கச்சா சமையல் எண்ணெயின் அடிப்படை வரியை 20-லிருந்து 10-ஆகக் குறைத்தார்கள். செஸ், சர்சார்ஜ் சேர்த்து 16.5. சுத்திகரித்த எண்ணெயைத் தொடவில்லை, அது 35.75-லேயே நின்றது. செய்தியில் "எண்ணெய் வரி குறைப்பு" என்று ஒரு வரியில் வந்துபோனது. கழித்துப் பாருங்கள். முன்பு இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி 8.25, அதற்குப் பிறகு 19.25. கச்சாவை இறக்கித் துறைமுகத்துப் பக்கம் சுத்திகரிக்கிற ஆலைக்கு மதில் இரட்டிப்புக்கும் மேல் உயர்ந்தது. அதே அறிவிப்பில், அதே நாளில், எட்டு மாதம் முன்பு கடலைக்காரருக்கு என்று கட்டிய மதில் 11 புள்ளி இறங்கியது.